நிமிஷத்துக்கு மூணு சொட்டு

முதல் சொட்டு விழுந்ததால் அவளுக்குக் காது குளிர்ந்ததா, காது குளிர்ந்ததால்தான் அந்தச் சொட்டை அவள் நிமிர்ந்து பார்த்தாளா என்பது இப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. அவளே இரண்டு முறை இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறாள். கேட்டு வைத்துக்கொண்டதிலும் முன்பின் இருக்கலாம். ஒன்று மட்டும் நிச்சயம். மத்தியானம் இரண்டே கால் மணி, கண் கூசும் வெயில், அவளுடைய இடது காதுக்குள் யாரோ ஒரு துளி ஐஸ் தண்ணீர் விட்ட மாதிரி இருந்தது. விரலை விட்டுப் பார்த்தாள். காது காய்ந்து கிடந்தது.

அவள் நர்ஸ். தெருவில் எல்லாருக்கும் அவள் 'சிஸ்டர்'. புருஷனும் அப்படித்தான் கூப்பிடுவார். அவர் கூப்பிடும்போது மட்டும் அதில் ஓர் இளிப்பு ஒட்டியிருக்கும். அவர் லாரிப் பட்டறையில் மெக்கானிக். வீடு திரும்ப ஆறு மணி ஆகும். அதற்குள், ஐந்து மணிக்கெல்லாம், அவள் இந்த வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும். போய்த் திரும்புவதற்கு இல்லை, திரும்பாமல் இருப்பதற்கு. துணிப்பை கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்தது. தங்கை வீட்டுக்கு ஐந்தரை மணி பஸ். பத்து நாள் கழித்து, அவர் பட்டறையில் இருக்கும் நேரமாகப் பார்த்துத் தங்கை வேன் கொண்டுவந்து செடிகளை எடுத்துப் போவாள். அதுவரை அவற்றுக்குத் தண்ணீர் வேண்டும்.

அதற்காகத்தான் இந்த வேலை. ஆஸ்பத்திரி ஸ்டோரில் தேதி முடிந்துபோனதென்று ஒதுக்கி வைத்திருந்த டிரிப்ஸ் செட்டுகள், இன்னும் உறை பிரிக்காதவை, பன்னிரண்டு கேட்டு வாங்கி வந்திருந்தாள். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் பன்னிரண்டு. மூடியில் ஓட்டை போட்டு செட்டின் முள்ளைச் செருகி, பாட்டிலைக் கவிழ்த்து, காற்றுப் போக அடிப்பாகத்தில் சூடான ஊசியால் ஒரு துளை குத்தி, பழைய பேண்டேஜ் துணியால் துணி காயப்போடும் கம்பியில் வரிசையாகக் கட்டினாள். குழாயின் நுனி தொட்டி மண்ணுக்குள், வேருக்குப் பக்கத்தில். இரண்டு லிட்டர் என்றால் நாற்பதாயிரம் சொட்டு. பத்து நாளுக்கு எத்தனை நிமிஷம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் வகுத்துப் பார்த்தாள். நிமிஷத்துக்கு மூன்று சொட்டு. ரெகுலேட்டர் சக்கரத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினாள். இருபது வருஷமாகச் செய்யும் வேலை.

பன்னிரண்டு தொட்டிகளில் பதினொன்று அவர் வாங்கித் தந்தவை. அவர் அடித்த ஒவ்வொரு முறையும், மறுநாள் சாயங்காலம் ஒரு செடியோடு வந்து நிற்பார். மன்னிப்புக் கேட்டது கிடையாது. தொட்டியை வாசலில் வைத்துவிட்டு, "உனக்குத்தான், எடுத்துக்கோ" என்பார். செடிகளுக்குக் கடையில் சொன்ன பெயர்கள் இருந்தன. அவளுக்குள் வேறு பெயர்கள். இலைகளில் மஞ்சள் தெறித்த குரோட்டன்ஸ், காது. கல்யாணமான முதல் வருஷம், சவ்வு கிழிந்தது. ரோஜா, சுண்டுவிரல், கதவிடுக்கு. செம்பருத்தி, விலா. கடைசியாக வந்த மணி பிளான்ட், கழுத்து. அதற்கு மூன்று வாரம்தான் ஆகிறது. இன்னும் எச்சில் விழுங்கும்போது தொண்டைக்குள் ஏதோ மடங்கும். தொட்டிகள் நிற்கும் மூன்று தட்டு இரும்பு ஸ்டாண்டும் அவர் வெல்டிங் செய்ததுதான். வாங்கி வைத்ததோடு சரி, பால்கனிப் பக்கம் அவர் வருவதில்லை.

பன்னிரண்டாவது கள்ளி. அதை அவளே வாங்கினாள். இரண்டு வருஷத்துக்கு முன், கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவளை அவர் குனிந்து முடியைப் பிடித்து இழுத்தபோது, தரையில் கிடந்த பெரிய ஸ்பேனர் அவள் கையில் தட்டுப்பட்டது. அவர் பின்தலையில் ஏழு தையல். வேலையில் விழுந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரியில் அவளே எழுதிக் கொடுத்தாள். மறுநாள் யாரும் செடி வாங்கி வரவில்லை. அடித்தது அவள் என்றால் வாங்க வேண்டியதும் அவள்தானே என்று தோன்றியது. தனியாகச் சிரித்துக்கொண்டே போய் ஒரு கள்ளி வாங்கி வந்து கீழ்த் தட்டில் வைத்தாள். அதன் பெயர் தலை.

காதுக்கு அடுத்து ரோஜா. மூன்று சொட்டு எண்ணி முடித்தபோது வலது சுண்டுவிரல் நுனியில் சில்லென்றது. தண்ணீரில் வேலை செய்தால் அப்படித்தான் இருக்கும் என்று புடவையில் துடைத்துக்கொண்டாள். செம்பருத்திக்குப் போட்டதும் ஜாக்கெட்டுக்குள், இடது பக்கம், நான்காவது விலாவின் மேல் ஒரு குளிர்ந்த புள்ளி. நின்றது. இருபது நொடி கழித்து மறுபடியும். நிமிர்ந்து செம்பருத்திக் குழாயின் சேம்பரை, சொட்டு விழும் அந்தச் சின்னக் குமிழைப் பார்த்தாள். சொட்டு விழுந்தது. விலாவில் குளிர்ந்தது. இரண்டும் ஒன்றாக.

எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் டைலரின் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நீளமாக ஒரு ஓட்டம், கத்தரி வைக்கும் மௌனம், மறுபடி ஓட்டம். அந்த மௌனங்களில் சொட்டுகள் கேட்டன. ஈர மண்ணின் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை மெல்ல ஏறியது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. கட்டு மாற்றும் அறையில் காலையில் முதல் கட்டைப் பிரிக்கும்போது வருவது.

தங்கையின் போன் வந்தது.

"அக்கா, கிளம்பிட்டியா?"

"இன்னும் ரெண்டு தொட்டி பாக்கி."

"உயிரு போற நேரத்துல தோட்டம் போட்டுட்டு இருக்கா பாரு. செடிதானேக்கா, போனா போகட்டும்."

"அப்படிச் சொல்லாதடி." குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

"நீ மட்டும் என்ன பண்ண?" என்றாள் தங்கை.

மணி பிளான்ட்டில்தான் சிக்கல். சொட்டு விழவில்லை. சேம்பரின் வாயில் ஒரு துளி திரண்டு, கனத்து, விழாமல் தொங்கியது. ரெகுலேட்டரை முழுக்கத் திறந்தாள். குழாயைச் சுண்டினாள். சேம்பரை அழுத்திவிட்டாள். துளி அசையவில்லை.

வார்டில் டிரிப்ஸ் நின்றுவிட்டால் நர்ஸுகளுக்குக் கைப்பழக்கமாக ஒரு சோதனை உண்டு. பாட்டிலைக் கொக்கியிலிருந்து கழற்றி, நோயாளியின் கைக்குக் கீழே இறக்கிப் பிடிப்பார்கள். ஊசி நரம்புக்குள் சரியாக இருந்தால் ரத்தம் குழாயில் பின்னோக்கி வரும். வந்தால் கவலையில்லை, மறுபடி தூக்கி மாட்டிவிடலாம். செடிக்கு இதைச் செய்ய எந்தத் தோட்டக்காரனுக்கும் தோன்றாது. அவளுக்கும் தோன்றவில்லை. தலை யோசிப்பதற்குள் கை செய்துவிட்டது. கம்பியிலிருந்து பாட்டிலை அவிழ்த்து, தொட்டிக்குக் கீழே, முழங்கால் உயரத்துக்கு இறக்கினாள்.

மண்ணுக்குள்ளிருந்து ஒரு சிவப்பு நூல் குழாயில் கிளம்பியது.

முதலில் மெலிதாக. பிறகு குழாய் நிறைய. அவசரமில்லாமல், வழி தெரிந்த மாதிரி வளைவில் திரும்பி, பாட்டிலை நோக்கி வந்தது.

"லைன் நல்லா இருக்கு," என்றது அவள் வாய், பழக்கத்தில்.

அப்போதுதான் தொண்டை அடைத்தது. அவருடைய கட்டை விரல்கள் இரண்டும் அழுத்தியிருந்த அதே இடத்தில், உள்ளிருந்து யாரோ உறிஞ்சுகிற மாதிரி. வெயில் மங்கி ஓரங்களில் கறுத்தது. தையல் மிஷின் தூரமாகப் போனது. பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கினாள். சிவப்பு திரும்பி இறங்கி மண்ணுக்குள் மறைந்தது. தொங்கிக்கொண்டிருந்த துளி விழுந்தது. தொண்டைக்குள் குளிர்ச்சியாக ஏதோ அவிழ்ந்தது. விழுங்கினாள். வலிக்கவில்லை. மூன்று வாரத்தில் முதல் முறையாக வலிக்கவில்லை.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்து ரோஜாவின் பாட்டிலை அவிழ்த்து இறக்கிப் பார்த்தாள். குழாய் சிவந்தது. சுண்டுவிரல் மெழுகுபோல் வெளுத்தது. உடனே தூக்கிக் கட்டினாள்.

இனி இவற்றை விட்டுவிட்டு எப்படிப் போவது? ஒரு பாட்டில் அவிழ்ந்து விழுந்தால்? அவர் ஒரு நாள் வந்து உதைத்தால்? பத்து நாள், பதினொரு தொட்டி, ஒரு வீட்டில், அவரோடு. தங்கையை அழைத்தாள்.

"வேனை இன்னைக்கே அனுப்பு. இப்பவே."

"இப்பவா? வேன்காரரு லோடு ஏத்தப் போயிருக்காரு. வர ஆறு ஆகும்க்கா. என்ன ஆச்சு?"

"ஆறுக்கு அவரு வந்துடுவாரு."

"அக்கா, என்ன ஆச்சுன்னு சொல்லு."

அவள் போனை வைத்துவிட்டாள். எதைச் சொல்வது?

பன்னிரண்டாவது குழாய் பாக்கி இருந்தது. கள்ளிக்குப் பத்து நாள் தண்ணீர் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனாலும் குத்தினாள். சொட்டு விழுந்தது. தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் குளிரவில்லை. சக்கரத்தை இன்னும் கொஞ்சம் திறந்தாள். இன்னும் கொஞ்சம். மூன்று சொட்டு, பத்தாகி, இருபதாகி, கணக்கில்லாமல் ஓடியது.

கால் மணி நேரத்தில் கீழே பைக் வந்து நின்றது. அந்த பைக்கின் இருமலை அவள் தூக்கத்திலும் அடையாளம் காண்பாள்.

மணி நாலுகூட ஆகவில்லை.

படியில் பூட்ஸ் சத்தம். ஒரு மாடி. இரண்டு மாடி. மூன்று. சாவி. கிரீஸ் வாசனை அவருக்கு முன்னால் உள்ளே வந்தது.

"சிஸ்டர்! மாத்திரை இருந்தா குடு. பின்மண்டையில ஐஸ் வெச்ச மாதிரி விறைக்குது. வேலையே ஓடல." கட்டிலில் உட்காரும் சத்தம். பிறகு குனியும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் அவளுக்கு எப்போதும் பயம்.

பையின் ஜிப் திறந்தது.

"ஓஹோ."

பால்கனி வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் அவளுடைய பை, இன்னொரு கை பின்தலையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கம்பியில் தொங்கும் பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்ன சிஸ்டர், வீட்டுலயே வார்டு தொறந்தாச்சா? பேஷண்டுக்கெல்லாம் டிரிப்ஸ் ஏத்திட்டு டாக்டரம்மா ஊருக்குக் கிளம்பியாச்சு. நான்தான் அட்மிஷன் இல்லாத ஆளா?"

"பத்து நாள்தாங்க. தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல."

"பத்து நாளைக்கு எதுக்கு கல்யாணப் பத்திரத்தை எடுத்து வெச்சிருக்க?"

அவள் முகத்தைக் கைகளால் மறைத்துக்கொண்டாள். அவர் அவளை அடிக்கவில்லை. கைக்கு எட்டிய தொட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். செம்பருத்தி.

பச்சைக் குச்சி ஒடிகிற சத்தம். அவளுக்குள்ளிருந்து வந்தது. மூச்சு பாதியில் நின்றது. தரையில் விழுந்தாள். வாயில் உப்பு.

அவர் குனிந்து பார்த்தார். "நடிக்காத. நான் தொடவே இல்லையே."

ரோஜாவை எடுத்தார். "இதையும் கூட்டிட்டுப் போறியா?" கைப்பிடிச் சுவருக்கு வெளியே விட்டார்.

மூன்று மாடி. விழ நேரம் இருந்தது. அந்த நேரம் முழுக்க அவள் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே தொட்டி உடைந்தது. சுண்டுவிரல் தானாகப் பின்பக்கம் மடங்கியது. தோல் பிளந்தது. வெள்ளையாக எலும்பு.

தையல் மிஷின் நின்றது. "யாருப்பா அது? தலையில விழுந்திருந்தா?" டைலரின் குரல்.

"கை தவறிடுச்சுண்ணே!" என்று எட்டிப் பார்த்துச் சிரித்தார். மிஷின் மறுபடி ஓடியது. திரும்பினார். அவள் கையைப் பார்த்தார். ரோஜா இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். மெக்கானிக். எந்தக் கம்பி எதை இழுக்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் தொழில். மெதுவாகக் குரோட்டன்ஸில் ஓர் இலையைப் பிடித்துக் கிழித்தார். அவள் காதிலிருந்து சூடாக வழிந்தது.

"அடேயப்பா," என்றார். குரலில் நிஜமான ஆச்சரியம். புது வண்டி வாங்கியவரின் முகம். "அடேயப்பா, சிஸ்டர்."

மணி பிளான்ட்டைக் குழாயிலிருந்து பிடுங்கினார். ஒரு கையால் விளிம்பைப் பிடித்து, சுவருக்கு வெளியே நீட்டினார்.

"இது எது? காலா? கண்ணா?"

அவளால் பேச முடியவில்லை. தொண்டையில் ஒரு விரல். இரண்டு விரல்.

"சொல்லு. சொல்லாட்டி விட்டுத்தான் பாக்கணும்."

அன்றுதான், அந்த நொடியில்தான், பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாக அவள் மனசுக்குள் 'அவர்' அவிழ்ந்து விழுந்தது. அவன். அவன் கை. அவன் தலை.

கள்ளியை நோக்கி உடம்பை இழுத்துக்கொண்டே போனாள். ஒரு முழம். விலா குத்தியது. இன்னொரு முழம். ஸ்டாண்டைப் பிடித்து எழுந்து பன்னிரண்டாவது பாட்டிலின் முடிச்சை உருவினாள். அதோடு சரிந்து உட்கார்ந்தாள். பாட்டில் தரையில். சக்கரம் முழுக்கத் திறந்தபடி.

சிவப்பு வந்தது. வேகமாக.

அவன் கண் சிமிட்டினான். பின்தலையில் கை வைத்தான். வாய் திறந்தது. நீட்டிய கை லேசாகத் தாழ்ந்தது. தொட்டி சாய்ந்து ஒரு பிடி மண் கீழே கொட்டியது. அவள் கழுத்துக்குள் ஏதோ நெரிந்தது.

அவன் மயங்கினால் தொட்டி விழும்.

பாட்டிலை ஒரு சாண் தூக்கினாள். சிவப்பு தயங்கியது. நின்றது.

"தொட்டிய உள்ள வைங்க," என்றாள். குரல் அல்ல, காற்று. ஆனால் மயக்கம் வரும் நோயாளியிடம் பேசுகிற காற்று. "பயப்படாதீங்க. மெதுவா. அப்படித்தான். ரெண்டு கையாலயும் பிடிங்க. பின்னாடி சேர் இருக்கு. உக்காருங்க."

அவன் குழந்தைபோலக் கேட்டான். தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தான். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை.

"என்னமோ பண்ணுது. தண்ணி குடு."

அவள் எழுந்து, விரல் தொங்கும் கையால் தொட்டியை அவன் மடியிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு பாட்டிலையும் கீழே வைத்தாள்.

அவன் கண்கள் பாட்டிலுக்குப் போயின. குழாய்க்கு. கள்ளிக்கு. அவனுக்குப் புரிந்தது தெரிந்தது. எழப் பார்த்தான். கால்கள் வரவில்லை. கத்தப் பார்த்தான். உதடுகள் மட்டும் அசைந்தன. முகம் துவைத்த துணிபோல ஆகும்வரை காத்திருந்தாள். ஒரு உடம்பில் எவ்வளவு இருக்கும், எவ்வளவு போனால் எழ முடியாது, எவ்வளவு போனால் சாவு என்று அவளுக்குத் தெரியும். சக்கரத்தில் கட்டை விரலை வைத்தாள். கைக்கடிகாரத்தைத் திருப்பினாள். சேம்பருக்குள் விழும் சிவப்பை எண்ணினாள். மயிரிழை குறைத்தாள். மறுபடி எண்ணினாள்.

நிமிஷத்துக்கு மூன்று.

பிறகு விலாவுக்கும் விரலுக்கும் கட்டுப் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, மணி பிளான்ட்டை மடியில் வைத்து ஐந்தரை மணி பஸ்ஸில் போனாள். வேன் அன்று வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவசரம் ஒன்றும் இல்லை.

பத்தாவது நாள் வேனோடு போன தங்கை, பால்கனியில் மெக்கானிக் அதே சேரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. கண்கள் மட்டும் அவளைப் பின்தொடர்ந்தன. எதிர்க் கட்டடத்து டைலர் தினமும் அவருக்குக் கை காட்டியிருக்கிறார். "பொண்டாட்டி ஊருக்குப் போனதும் மனுஷன் செடிக்குக் காவல் இருக்காரு பாருன்னு நெனச்சேன்மா," என்றார். பத்து நாள் சோறு தண்ணீர் இல்லாமல் எப்படி உயிரோடு இருக்கிறார் என்று ஆம்புலன்ஸில் வந்தவர்களுக்குப் புரியவில்லை.

டைலர் இப்போதும் அங்கேதான் தைக்கிறார். தங்கைக்கு அக்காவிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது, கேட்பதில்லை. சிஸ்டர் வேறொரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வலது சுண்டுவிரல் இல்லை. இடது காது கேட்காது. மற்றபடி நன்றாக இருக்கிறாள். மெக்கானிக் நெடுநாள் நோயாளிகள் வார்டில் படுத்திருக்கிறார். தினமும் ரத்தம் ஏற்றுகிறார்கள். ஏற்றுவது எங்கே போகிறது என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. கள்ளி தங்கை வீட்டுப் பால்கனியில் ஒரு ஸ்டூலின் மேல் இருக்கிறது, பக்கத்தில் தரையில் ஒரு பாட்டில். பத்து நாளைக்கு ஒரு தடவை, நிறைந்ததை எடுத்து மற்ற ஒன்பது தொட்டிகளுக்கும் அளந்து ஊற்றிவிட்டு, சிஸ்டர் காலி பாட்டிலை மாட்டுகிறாள்.